நாலாவது சுற்று

புதிதாக வந்திருக்கும் விமானிகளுக்கும் எஞ்சினியர்களுக்கும்,

நீங்கள் வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பறத்தல்களை அனுப்பிவைக்கிற டிஸ்பேட்ச் மேசையில் உட்கார்ந்திருக்கும் கதிருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டீர்களாம். ‘கட்டம் கதிர்’. கேள்விப்பட்டுச் சிரித்தேன். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பறந்துவிட்டு வந்து கோளாறுத் தாளை நீட்டினால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அவன் முதலில் பார்ப்பது கடைசிக் கட்டத்தைத்தான். ‘அப்போது விமானி என்ன செய்துகொண்டிருந்தார்?’ என்று கேட்கிற கட்டம். அது காலியாக இருந்தாலும், ‘வழக்கமான பறத்தல்’ என்று ஒப்பேற்றியிருந்தாலும், பேசாமல் தாளை உங்கள் பக்கமே தள்ளிவிடுவான். வேறெந்தக் கம்பெனியிலும் இப்படியொரு கட்டம் கிடையாது என்று உங்களில் ஒருவர் சீஃப் பைலட்டிடம் புகாரும் சொன்னாராம்.

அந்தப் புகாருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பணி அனுபவங்களை எழுதிக் கொடுங்கள் என்று சீஃப் பைலட் கேட்டார். நீலகிரி மேகத்துக்குள் மாட்டிக்கொண்டது, தேர்தல் சமயத்தில் தலைவர்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பறந்தது என்று நானும் நாலு கதை வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் அதைத்தான் எடுத்து விடுவேன். உங்களுக்கு அது உதவாது. கதிர் ஊன்றுகோலோடு நடப்பது ஒரு விபத்தால் என்று உங்களுக்குத் தெரியும். அந்த விபத்தில் எனக்கு என்ன பங்கு என்று தெரியாது. கதிர் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்ல வேண்டியது அது.

கதிர் எனக்குத் தம்பி மாதிரி. ‘அவன்’ என்றே எழுதுகிறேன். நீங்கள் மரியாதையாகவே கூப்பிடுங்கள்.

நம் பக்கத்துக் கும்பாபிஷேகங்கள் உங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். குலதெய்வக் கோயிலை அந்தக் குலத்துக் கூட்டத்தார் சேர்ந்து புதுப்பிப்பார்கள். கலசத்தில் தீர்த்தம் ஊற்றுகிற நேரத்துக்குச் சரியாக மேலே நாம் ஹெலிகாப்டரோடு இருக்க வேண்டும். பின்னிருக்கையில் கோயில்காரர்கள் இரண்டு பேர் பூக்கூடையோடு இருப்பார்கள். மெதுவாக மூன்று சுற்று வருவோம், பூத் தூவுவார்கள், கதவைச் சாத்துவார்கள், நாம் இறங்கிவிடுவோம். அவ்வளவுதான் வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்று நினைக்கத் தோன்றும்.

கோயிலைச் சுற்றுவதென்றால் வலமாகத்தான் சுற்ற வேண்டும். தரையில் நடந்தாலும் வானத்தில் பறந்தாலும் சட்டம் ஒன்றுதான். நமக்கும் அது வசதி. விமானி வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் கோபுரம் கண்ணை விட்டு நகராது. ஆனால் நம் மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. கையிலிருக்கும் குச்சி, அதாவது சைக்ளிக், காற்றின் சுமையால் இறுகிப்போனால் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கமாகச் சாயும். ஏற்கெனவே வலமாகச் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போது இறுகினால் இன்னும் சாயும். கீழே இடமிருந்தால் தப்பிக்கலாம். கோயிலைச் சுற்றுகிறபோது கீழே இடம் இருக்காது.

ஏன் இறுகுகிறது என்பதைப் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கணக்கு அறையில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். மேலே சுழலும் இறக்கைகளை மனிதக் கை தன் பலத்தால் திருப்ப முடியாது. காரில் பவர் ஸ்டீயரிங் போல இங்கே ஹைட்ராலிக் சர்வோக்கள் நமக்காகத் தள்ளிக் கொடுக்கின்றன. அவற்றின் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எடை அதிகம், வெயில் அதிகம், வேகம் அதிகம், இவற்றோடு குச்சியை இறுக்கி இழுத்துத் திருப்பினால் இறக்கையின் மேல் வரும் சுமை சர்வோவின் பலத்தைத் தாண்டிவிடும். மிச்சச் சுமை நம் கைக்கு வந்து சேரும். எதுவும் பழுதாகவில்லை. என்னால் இவ்வளவுதான் முடியும் என்று மெஷின் சொல்கிறது, அவ்வளவுதான். அப்போது இழுப்பதைத் தளர்த்தி, மெஷினை ஏற்றி இறக்க இடது கையில் இருக்கும் கலெக்டிவ் பிடியைக் கொஞ்சம் இறக்கினால் இரண்டு நொடியில் குச்சி பழையபடி லேசாகிவிடும். முரண்டு பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம்.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கோயில். வைகாசி மாதம், காலை பத்து மணிக்கே வெயில் உச்சியைப் பிளந்தது. கமிட்டித் தலைவர் நூல் மில் வைத்திருப்பவர், தங்கமான மனிதர். புறப்படுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க கேப்டன், எடமாச் சுத்திப்போடாதீங்க, வலமாத்தானுங்க வரோணும். மூணு சுத்து மெதுவா வந்தீங்கன்னாப் போதுமுங்க. அப்புறம் கடைசியா ஒண்ணே ஒண்ணு, விர்ருன்னு ஒரு சுத்து சுத்திக் காட்டிப்போட்டு எறங்குங்க. சனத்துக்கு ஒரு சந்தோசமுங்க.”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கையைத் தட்டிக்கொடுத்து, “பாத்துக்கலாமுங்க” என்றேன். எனக்கும் ஆசை இருந்தது, அதுதான் உண்மை. விமானப்படையில் இருந்தபோது மரத்தின் உச்சியை உரசிக்கொண்டு பறந்தவன் நான். இங்கே வந்து பூவும் மாப்பிள்ளையும் சுமந்துகொண்டிருந்தேன். கீழே ஐயாயிரம் பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்றால் அந்தப் பழைய ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

மூன்று சுற்று சாமிக்குச் சுற்றினேன். நாலாவது எனக்கு.

பின்னால் இரண்டு பேர், டேங்கில் முக்கால்வாசிக்கு மேல் எரிபொருள். உயரம் எடுத்து, மூக்கைத் தாழ்த்தி, காங்கேயம் சாலையை ஒட்டி வேகம் பிடித்து வந்து, கோபுரத்தை ஒட்டி வலப்பக்கம் சாய்த்து இழுத்தேன். பாதித் திருப்பத்தில் குச்சி கல்லாகிவிட்டது. மிகைப்படுத்தவில்லை. உரலில் நட்ட உலக்கை போல நின்றுவிட்டது. மெஷின் நான் கேட்டதற்கு மேல் வலப்பக்கம் சாய்ந்தது. என் தோளுக்குக் கீழே ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே சாமியானாவின் துணி தெரிந்தது. நான் தளர்த்தவில்லை. நிமிர்த்த வேண்டும் என்று கை முழுக்கப் பலம் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தது எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

காப்பாற்றியது ஊரின் அமைப்பு. கோயிலுக்குத் தெற்கே தண்ணீர் இல்லாத குளம். தரை அங்கே இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே போயிருந்தது. மூக்கு தூக்கியதில் வேகம் தானாகக் குறைந்தது. வேகம் குறைந்ததும் குச்சி தானாக விட்டது. குளத்துக் கரையைத் தாண்டி வெளியே வந்தேன். என் திறமை அதில் எள்ளளவும் இல்லை.

இறங்கியதும் மாலை போட்டார்கள். “சாமியே வந்து சுத்துன மாதிரி இருந்துச்சுங்க!” என்றார் தலைவர். பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி மட்டும் முகம் வெளுத்திருந்தார். “கேப்டன், கடைசியில கொஞ்சம் பொரட்டிப் போட்டுச்சுங்க. அப்படித்தானுங்களா அது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அப்படித்தானுங்க” என்றேன். அது முதல் பொய். மாலையை இன்னும் கழற்றவில்லை.

கோயம்புத்தூருக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தேன். எழுதாமல் விடலாம். ஆனால் ஒருவேளை உண்மையிலேயே கோளாறு இருந்தால்? இந்த ‘ஒருவேளை’யைப் பிடித்துக்கொண்டேன். அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. லாக் புக்கில் எழுதினேன்: ‘வலப்பக்கத் திருப்பத்தில் சைக்ளிக் இறுகியது.’ ஒரே வரி. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. குச்சி என்ன செய்தது என்று எழுதிவிட்டேன். நான் என்ன செய்தேன் என்று எழுதவில்லை.

அப்போது நம் மெஷின்களுக்கு எஞ்சினியர் தேவகி. துடியலூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவர். கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை மூடி மூன்று முறை யோசிக்கிற ஆள். வரியைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“சார், குச்சி எறுகுச்சுன்னு எழுதியிருக்கறீங்க. அப்ப எத்தனை வேகமுங்க? எவ்வளவு சாச்சிருந்தீங்க?”

“சாதாரணமாத்தான் அம்மணி. பூப் போட்டுட்டுத் திரும்பறப்ப.”

“சாதாரணமாத் திரும்பறப்ப எறுகாதுங்களே சார்.”

“எறுகுச்சு. அதனாலதான எழுதியிருக்கறேன்?”

குரலை உயர்த்தினேன். என் வயது, என் படைச் சேவை, என் பறத்தல் மணி நேரங்கள் எல்லாம் அந்தக் குரலில் இருந்தன. தேவகி லாக் புக்கை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போனார். இரண்டு நாள் மெஷினைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். எண்ணெய் சரி, பம்ப் சரி, அழுத்தம் சரி, ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அவர் குனிந்து டார்ச் அடித்துத் தேடுவதைக் காபிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதுகிறபோது வெட்கமாக இருக்கிறது.

முதலாளிக்கு மெஷின் வேண்டும். அடுத்த முகூர்த்தங்களுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கேப்டன் பொய் சொல்லமாட்டார் என்று தேவகியும் நம்பினார். கடைசியில் சந்தேகத்தின் பேரில் வலப்பக்க சர்வோவை மாற்றி, மாற்றியதாக எழுதினார். நான் மேலே கொண்டுபோய் இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘சரியாக உள்ளது’ என்று கையெழுத்துப் போட்டேன். இறங்கி வந்தபோது எனக்கே ஒரு நிம்மதி. கோளாறு இருந்தது, மாற்றியாகிவிட்டது. பொய் சொல்கிறவன் முதலில் நம்ப வைப்பது தன்னைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அந்தச் சோற்றை நானே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அந்த நாலாவது சுற்றை யாரோ செல்போனில் படம் பிடித்திருந்தார்கள். கரூரிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் எல்லாக் கோயில் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவிலும் அது சுற்றியது. ஆனி மாதத்தில் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு கும்பாபிஷேகம் வந்தது. “வெள்ளகோயில்ல சுத்துன மாதிரியே வேணுமுங்க” என்று கேட்டே பதிவு செய்தார்கள். அன்றைக்கு எனக்கு வேறு வேலை. கதிர் போனான்.

கதிரை நீங்கள் மேசையில் பார்த்திருக்கிறீர்கள். குச்சியில் பார்த்ததில்லை. என்னைவிட நல்ல கை. அவசரமே படமாட்டான். முந்தின நாள் மாலை எனக்குப் போன் செய்தான்.

“அண்ணா, ஒண்ணு கேக்கோணுமுங். லாக் புக்குல குச்சி எறுகுச்சுன்னு எழுதியிருக்கறீங்களே, அது நெசமாலுமே சர்வோ கோளாறுதானுங்களா? இல்ல, நீங்க சாஸ்தி இழுத்ததுல எறுகுனதுங்களா?”

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். நெருக்கடியில் முடிவெடுப்பது என்றால் எஞ்சின் நின்றுபோன நொடி என்று நினைப்பீர்கள். எனக்கு வந்த நொடி இதுதான். நான் வீட்டுக்காரி போட்டுக் கொடுத்த காபியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆபத்தும் இல்லை. சரியான ஆள், சரியான கேள்வியை, சரியான நேரத்தில் கேட்டான். ‘ஆமாம் கண்ணு, நான்தான் இழுத்தேன்’ என்று சொன்னால் முடிந்தது. சொன்னால் தேவகி இரண்டு நாள் வீணாகத் தேடியது வெளியே வரும். சாதாரணத் திருப்பம் என்று நான் சொன்னது வெளியே வரும்.

“சர்வோதான் கண்ணு. மாத்தியாச்சு. நானே ஓட்டிப் பாத்துட்டேன். தைரியமா எடு” என்றேன்.

“செரிங்ணா” என்று வைத்துவிட்டான்.

அடுத்த நாள் அவன் ஒன்று செய்தான். நான் செய்யாதது. மூன்று சுற்று முடிந்ததும் இறங்கி, பின்னாலிருந்த இரண்டு பேரையும் இறக்கிவிட்டான். “வேகமாச் சுத்தறப்ப ஆளு வேண்டாமுங்க” என்று சொன்னானாம். அந்த இரண்டு பேரும் இன்றைக்குப் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள். பிறகு தனியாகக் கிளம்பினான். எடை குறைவுதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆனி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வேகம் என்னைவிட அதிகம், திருப்பம் என்னைவிட இறுக்கம். கோயிலைச் சுற்றிலும் தென்னந்தோப்பு. அங்கே காய்ந்த குளம் எதுவும் இல்லை.

வால் தென்னையில் மோதியது. மெஷின் இரண்டு மரத்தைச் சாய்த்துக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. தோப்பில் காய் போட வந்திருந்தவர்கள் ஓடிவந்து, தேங்காய் வெட்டுகிற கத்தியால் இருக்கைப் பட்டையை அறுத்து அவனை வெளியே இழுத்தார்கள். இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் அடி. உயிர் இருந்தது.

விசாரணைக் குழு வந்து எல்லாக் காகிதத்தையும் முத்திரை வைத்து எடுத்துக்கொண்டது. மயக்கம் தெளிந்ததும் கதிர் அவர்களிடம் சொன்னது ஒன்றுதான்: குச்சி இறுகிவிட்டது. ஒரே மெஷின், ஒரே குச்சி, இடையில் மாற்றப்பட்டது ஒரு சர்வோ. மாற்றியவர் பெயர் காகிதத்தில் இருக்கிறது. எல்லா விரலும் தேவகி பக்கம் திரும்பின. விசாரணை முடியும்வரை மெஷினில் கை வைக்கக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது என்று அவரை நிறுத்திவைத்தார்கள். மெஷின்களை நிறுத்துகிற ஹேங்கரில் சிலர் ‘தேவகி போட்ட சர்வோ’ என்றே பேச ஆரம்பித்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “கேப்டன், யானைக்கும் அடி சறுக்குமுங்க. ஏதோ பார்ட்டு கோளாறுன்னு போயிருமுங்க. எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டுங்க. நீங்க ஒண்ணும் புதுசாப் பேசோண்டாம்.” மிரட்டவில்லை. அவரும் என்னைப் போல விஷயம் அப்படியே அடங்கிவிடாதா என்று பார்த்தார்.

தேவகி ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செல்போனை எடுத்து அந்த வெள்ளகோவில் படத்தைப் போட்டுக் காட்டினார்.

“சார், இதைய நான் பத்துப் பதினஞ்சு தடவ பாத்துப்போட்டேனுங். மெஷினோட நெழலு கோயில் மதிலோட இந்த மூலையில இருந்து அந்த மூலைக்குப் போக எத்தனை செகண்டுன்னு எண்ணிப் பாத்தனுங். போயி மதிலையும் அளந்துட்டு வந்தேன். இது சாதாரணத் திருப்பமில்லீங்க சார். நான் அன்னிக்கே கேட்டனுங்களே. எத்தனை வேகமுங்க?”

“ஞாபகமில்ல அம்மணி” என்றேன்.

அவர் செல்போனைப் பைக்குள் வைத்தார். “எம் பொண்ணுகிட்ட, அம்மா தப்புப் பண்ணலைன்னு சொல்லியிருக்கறேனுங். அதுக்காகத்தான் வந்து கேட்டேன். வாரேனுங்க சார்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. நான் இவ்வளவு கோழை என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கதிரை ஆஸ்பத்திரியில் பார்க்க மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். அதுவரை ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. கதிரின் மனைவி பிரேமா நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உங்களத்தானுங்ணா கேட்டுட்டே இருந்தாரு” என்றாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாத்துக்குடி உரிக்க ஆரம்பித்தாள்.

கதிர் என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான், முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

“மன்னிச்சிருங்ணா. நீங்க செரி பண்ணிக் குடுத்த மெஷினை ஒடைச்சுப்போட்டேன்.”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவனே மேலே சொன்னான். “பாதித் திருப்பத்துல எறுகுச்சுங்ணா. நீங்க எழுதுன அதே மாதிரி. அடடா, மறுக்காவும் சர்வோ போயிருச்சுன்னு நெனச்சுப்போட்டேன். ரெண்டு கையும் வெச்சு இழுத்தேனுங்ணா. இழுக்க இழுக்க எறுகுச்சு. என்னால நிமித்த முடியல. நீங்களா இருந்தா நிமித்தியிருப்பீங்க.”

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது முழுக்கப் புரிந்தது. அதுவரைக்கும் நான் ஒரு விஷயத்தை மறைத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. குச்சி இறுகியதும் தளர்த்த வேண்டும் என்பது கதிருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது பழுது என்று சொல்லி, அவனை இழுக்க வைத்தது நான்.

சொன்னேன். கோர்வையாக வரவில்லை. கமிட்டித் தலைவர் கையைப் பிடித்தது, சாலையை ஒட்டி வேகம் பிடித்தது, குளம் இல்லாவிட்டால் என் கதி, தேவகி கேட்டது, நான் சொன்னது. சர்வோவில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை, நான்தான் சாஸ்தி இழுத்தேன், போனில் உன்னிடம் சொன்னது பொய் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

கதிர் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“அப்ப, விட்டிருந்தாப் போதுமாங்ணா?”

“போதும்” என்றேன்.

பிரேமாவின் கை நின்றுவிட்டது. என்னைத் திட்டவில்லை. உரித்த சாத்துக்குடியைத் தட்டில் வைத்துவிட்டு, “நீங்க கெளம்புங்ணா” என்று மட்டும் சொன்னாள். கதிர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக விசாரணைக் குழு தங்கியிருந்த இடத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். வீரம் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குப் போயிருந்தால் மறுபடியும் ஒரு சாக்குக் கண்டுபிடித்திருப்பேன், அந்தப் பயத்தில்தான் நேராகப் போனேன். கழற்றி வைத்திருந்த பழைய சர்வோவைச் சோதித்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. உடைந்த மெஷினில் இருந்ததும் நன்றாகத்தான் இருந்தது. என் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். நிறுத்திவைத்த காலம் முடிந்த பிறகும் நான் குச்சியைத் தொடவில்லை. ஓய்வு பெறும்வரை தரையில் பாடம் எடுத்தேன். தேவகி வேலைக்குத் திரும்பினார்.

மன்னிப்புக் கேட்கத் துடியலூருக்குப் போனேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் எஞ்சினியர்களாக வந்திருக்கும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றைச் சொன்னார்.

“என் மேலயும் தப்பு இருக்குதுங்க சார். ஒண்ணும் கோளாறில்லீன்னு தெரிஞ்சப்புறம், கோளாறில்லைன்னே எழுதியிருக்கோணும். நீங்க சத்தம் போட்டீங்கன்னு ஒண்ணைக் கழட்டி மாத்துனேன் பாருங்க, அப்பவே உங்க பொய்க்கு நானும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டனுங்க.”

அவர் திரும்பி வந்த வாரத்தில் முதலாளியிடம் நின்று போராடி, கோளாறுத் தாளின் கடைசியில் அந்தக் கட்டத்தைச் சேர்க்க வைத்தார். நீங்கள் இப்போது அலுத்துக்கொள்கிற கட்டம் அதுதான்.

பழைய லாக் புக்கில் எழுதியதை அடிக்கவோ திருத்தவோ கூடாது. ஆகவே வெள்ளகோவில் பறத்தலுக்காகப் புதுத் தாள் ஒன்றை எழுதிச் சேர்க்கச் சொன்னார்கள். கதிர் அப்போதுதான் ஊன்றுகோலோடு வேலைக்கு வர ஆரம்பித்திருந்தான். இனிப் பறக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால் டிஸ்பேட்ச் மேசையைக் கொடுத்திருந்தார்கள். எட்டு மாதமாக நாங்கள் இருவரும் பேசியிருக்கவில்லை. நான் கடைசிக் கட்டத்தில் வேகம், சாய்வு, எடை, எவ்வளவு தாழ்வாகப் பறந்தேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது வரை எழுதி, கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன்.

கதிர் நிதானமாகப் படித்தான். படித்துவிட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினான். இந்த மேசையிலிருந்து முதன்முதலாகத் திரும்பி வந்த தாள் என்னுடையதுதான்.

“போன்ல சொன்னதையும் எழுதுங்ணா” என்றான்.

நின்றபடியே எழுதினேன். ‘இது சர்வோ கோளாறு என்று மறு விமானியிடம் சொன்னேன். அவர் சரியாகக் கேட்டார். நான் பொய் சொன்னேன்.’ கையெழுத்துக் கோணலாக வந்தது. கதிர் வாங்கி, மறுபடி ஒரு முறை படித்து, கோப்பில் வைத்தான். மேசைக்கு இடப்பக்கம் பச்சை அட்டை போட்ட கோப்பு. யாராவது கேட்டால் எடுத்துக் காட்டு என்று நானே சொல்லியிருக்கிறேன்.